கையெழுத்துப் போடாத தங்கை

மின்விசிறியைக் கொஞ்சம் அணைத்துவிடுங்கள் ஐயா. பழைய பத்திரம் மேஜைமேல் இருக்கும்போது காற்று ஆகாது. மடிப்பில் கிழிந்தால், அந்த வரியில் இருந்த பெயர் போனது போனதுதான்.

என்ன தொழில் என்று கேட்டீர்கள். யாராவது மனை வாங்கப் போனால், அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று மூலப்பத்திரம் வரைக்கும் பார்த்து, சிக்கல் இல்லை என்று எழுதிக் கொடுப்பேன். ஊரில் எனக்குப் பெயரே 'வில்லங்கம்'தான். தெருவில் நுழைந்தால், "வில்லங்கம் வீடு தேடி வருது, ஒரு டீயைப் போடு" என்று சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே குடிப்பேன். ஆனால் யாரையும் நம்பமாட்டேன்.

கிணற்றுத் தோட்டத்தை மனைகளாகப் பிரித்தபோது பார்த்துக் கொடுத்தவனும் நான்தான். தாத்தா வாங்கிய இடம். அப்பாவுக்கு வந்து, அவருக்குப் பின் ஓர் அண்ணன், ஒரு தங்கை. அண்ணன் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். குடும்பத்தின் எல்லாப் பத்திரங்களிலும் அவர் கையெழுத்து உண்டு. தங்கையுடையது இருபது வருடமாக எதிலும் இல்லை.

உயிரோடு இருக்கும் வாரிசு ஏதாவது ஒரு காகிதத்தில் தலைகாட்டியே தீருவார் என்பது என் அனுபவம். வரி ரசீது, வாக்காளர் பட்டியல், ஒரு சாட்சிக் கையெழுத்து, ஏதாவது. இவள் எதிலும் இல்லை. கடைக்குப் போய்க் கேட்டேன்.

"உங்க தங்கச்சி?"

அவர் தராசில் ஆணி போட்டுக்கொண்டிருந்தார்.

"இருந்தா வந்திருக்க மாட்டாளா?"

"அப்ப இல்லன்னு எழுதிடவா?"

"காகிதம் படிக்கிறவரு நீங்க. என்னைப் போய்க் கேக்கறீங்க."

எடை சரியான பிறகும் அவர் கை ஆணியை அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு உறுத்தியது. இருந்தும் பத்திரத்தில் எழுதினேன்: 'மேற்படி மகள் வாரிசு இன்றிக் காலமாகிவிட்டார்.' அந்த வரியை நம்பித் தையல்காரர் வீடு கட்டினார். ஓய்வுபெற்ற நர்சம்மா பக்கத்து மனையை வாங்கிச் செடி வைத்தார். தெரு முழுக்கக் குடும்பங்கள் வந்துவிட்டன. பாழுங்கிணறு இருந்த மூலை மட்டும் மிச்சம்.

போன மாதம் அவள் வந்தாள். மாடியில் என் அறைக்கு ஏறி வந்ததைக் கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் பார்த்தார் என்கிறீர்கள். சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

"சார், நீங்கதானே வில்லங்கம்?"

"நீங்க யாரும்மா?"

"நீங்க சாகடிச்சீங்களே, அவதான்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

ஆள்மாறாட்டம் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் குறுக்கும் நெடுக்குமாகக் கேட்டேன். தாத்தா பெயர், எல்லைக்கல் இருக்கும் இடம், கிணற்றில் உடைந்த படி. எல்லாம் சொன்னாள். அதைவிட, அண்ணனைப் போலவே தலை நிமிராமல் பேசினாள்.

"நிலமெல்லாம் எனக்கு வேணாம் சார். பொண்ணுக்குக் கல்யாணம் பேசறோம். மாப்பிள்ளை வீட்டுல இந்த ஊர்ல விசாரிச்சிருக்காங்க. யாரோ பத்திரத்தைக் காட்டியிருக்காங்க. அம்மாக்காரி வாரிசே இல்லாம செத்துட்டாளாம், அப்ப இவ யார் பெத்த பொண்ணுன்னு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்ல? நான் உயிரோட இருக்கேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்."

"அண்ணனைப் பாத்தீங்களா?"

"கடைக்குப் போனேன். என்ன சைஸ் ஆணி வேணும்னு கேட்டான்."

ஒரு வரி என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டாள். அதை நான் எழுதினால் அந்தத் தெருவில் ஒரு பத்திரமும் நிற்காது. தையல்காரர் எங்கே போவார்? நர்சம்மா இந்த வயதில் செடியைப் பிடுங்கிக்கொண்டு எங்கே போவார்? அவர்களுக்காகத்தான் யோசித்தேன். என் பெயர் கெட்டுவிடும் என்று செய்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள். அது உண்மையில்லை.

"எழுதறேம்மா. எல்லைக்கல்லை நீங்களே வந்து காட்டணும். அதுதான் முறை" என்றேன். அப்படி ஒரு முறை கிடையாது.

மறுநாள் மதியம் வந்தாள். தெருவே சாப்பிட்டுக் கண் அசந்திருந்த நேரம். கல் கிணற்றடியில் புதருக்குள் இருந்தது. "உடைஞ்ச படியையும் காட்டிடுங்க" என்றேன். எட்டிப் பார்த்தாள். முதுகில் கை வைத்தேன். பலம் ஒன்றும் தேவைப்படவில்லை.

கிணற்றில் தண்ணீர் இல்லை. அதனால் உடனே முடியவில்லை. அதுவரை சார் என்றவள், கீழேயிருந்து அண்ணா என்றாள். எந்த அண்ணனை என்று தெரியவில்லை.

"அண்ணா, கால் ஒடிஞ்சிருச்சு. கயிறு போடுங்கண்ணா."

"ஆள் போயிருக்கும்மா. கத்தாதீங்க, மூச்சு வாங்கும்."

நம்பினாள். கத்தவில்லை. கொஞ்ச நேரம் மகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை நல்ல பையன், அவன் அம்மாதான் முரண்டு பிடிக்கிறாள் என்றாள். நானும் உம் கொட்டினேன். மிச்சமிருந்த மூலை மனையைப் புதிதாக வாங்கியவர் அன்றைக்குக் கிணற்றை மூட மண் சொல்லியிருந்தார். லாரி வந்தது.

டிரைவர் இறங்கி, "உள்ள ஏதோ முனகுதே?" என்றார்.

"நாய் விழுந்து கிடக்கு. பிழைக்காது. கொட்டுப்பா."

"பாவம்" என்றார். கொட்டினார்.

இடத்தைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். வடக்கே தையல்காரர் சுவர், கிழக்கே நர்சம்மாவின் செடிகள், தெற்கே பொதுப்பாதை, மேற்கே எல்லைக்கல். இந்த நான்கெல்லைக்குள் மூடிய கிணற்றில் அவள் இருக்கிறாள். அவளைக் கொன்றது நான்தான். அண்ணனை அலைக்கழிக்க வேண்டாம், அவருக்கு இதில் சம்பந்தம் இல்லை.

என் பத்திரத்தில் 'காலமாகிவிட்டார்' என்பதை இனி யாரும் குறை சொல்ல முடியாது. 'வாரிசு இன்றி' என்பதுதான் இன்னும் தப்பாக நிற்கிறது. வெளியே பெஞ்சில் ஒரு பெண் அம்மாவைத் தேடி வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றீர்களே. துணைக்கு யாரையாவது கூட்டி வந்திருக்கிறாளா, தனியாகத்தான் வந்தாளா?