தையல் பிரிக்கிற நாள்

– இன்னும் கொஞ்சம் திறங்க… இவ்வளவுதானா வாய்?

– ஆ…

– டார்ச் அடிச்சும் ஒண்ணும் தெரியல. கன்னத்தை இழுத்துப் பிடிங்க. ம்… இப்ப தெரியுது.

– எப்படி இருக்கு?

– குழி முக்கால்வாசி மூடிருச்சு. வீக்கமும் இல்ல. நல்லாத்தான் இருக்கு.

– தையல்?

– இருக்கு, இருக்கு.

– நாக்குக்கு ஒண்ணும் தட்டுப்படலையே…

– நாக்க வெச்சுத் துழாவாதீங்கன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரா இல்லையா?

– எனக்கெங்க ஞாபகம். ஊசி போட்டுப் பாதி மூஞ்சி மரத்துக் கிடந்துது. நீதானே எல்லாத்தையும் கேட்டுக்கிட்ட.

– ஆமா. நான்தான் கேட்டுக்கிட்டேன்… போதும், மூடுங்க.

– வலி இன்னும் இருக்கு.

– எங்க?

– இங்க… காது வரைக்கும் இழுக்குது.

– அது வலது காது. பல்லு புடுங்கினது இடது பக்கம்.

– சுத்திச் சுத்தி வருது…

– சரிதான். ஞானப்பல்லோட ஞானமும் சேர்ந்து போயிருச்சு போல.

– சிரிக்க வைக்காதே, இழுக்குது. மணி என்ன?

– ரெண்டரை. மூணு மணிக்கு ஆட்டோ வரும். டாக்டர்கிட்ட உங்க தையலைப் பிரிச்சுட்டு, நான் அப்படியே பஸ் ஸ்டாண்டு போயிடுறேன்.

– பெட்டி…

– வாசல்லதான். பல்லு புடுங்குறதுக்கு முந்தின நாள் கட்டினது. பத்து நாளா நீங்களும் அதைத் தாண்டித் தாண்டித்தானே போறீங்க.

– நாலு மணி வண்டியா?

– ஆமா. தையல் பிரிக்கிற வரைக்கும் இருக்கேன், அப்புறம் கிளம்பிடுவேன்னு அன்னிக்கே சொன்னேன். அக்கா மாடி ரூமை ஒழிச்சு வெச்சிருக்கா. திங்கக்கிழமை அங்க ஸ்கூல் ஆபீஸ்ல வேலைக்குச் சேரணும்.

– திரும்பி…

– என்ன?

– இல்ல… ஒண்ணுமில்ல.

– கேளுங்க.

– சாப்பிட்டியான்னு கேட்டேன்.

– அதையா கேட்டீங்க? சரி… சாப்பிட்டேன். உங்களுக்கு உருளைக்கிழங்கு மசிச்சு மேசை மேல மூடி வெச்சிருக்கேன். இன்னிக்கு பஸ் ஸ்டாண்டு மைக்குல யாரு?

– எனக்குப் பதிலா டிப்போவுல இருந்து ஒருத்தரைப் போட்டிருக்காங்க. கரகரன்னு தொண்டை. எந்த வண்டி எங்க நிக்குதுன்னு ஒண்ணும் புரியாது. நீ போர்டைப் பார்த்து ஏறு.

– பார்த்தே ஏறிக்கிறேன்… பன்னெண்டு வருஷமா ஊருக்கெல்லாம் ‘கிளம்பப் போகுது, ஏறுங்க ஏறுங்க’ன்னு கூப்பிட்ட வாய். என்னையும் ஏத்தித்தான் விடுது.

– நான் என்ன சொல்லிட்டேன் இப்ப?

– ஒண்ணும் சொல்லல. அதான் பிரச்சனை. சரி, இதைப் பாருங்க. உங்க காக்கிச் சட்டையைத் துவைக்கப் போட்டப்ப பையில இருந்துது.

– என்னது அது…

– தெரியலையா? ஜூஸ் கடை ஸ்ட்ரா. நுனியில ரத்தம் காஞ்சு ஒட்டியிருக்கு.

– தூக்கிப் போடு அதை.

– டாக்டர் குடுத்த சீட்டுல முதல் வரியே இதுதான். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினா குழியில உறைஞ்ச ரத்தம் பேந்து வந்துடும், எலும்பு வெளியில தெரியும்னு. படிச்சீங்களா?

– படிச்சேன்.

– படிச்சுட்டா போய்க் குடிச்சீங்க?

– மூணாம் நாளு. வீக்கம் வடிஞ்சிருச்சுன்னு உங்க அக்காகிட்ட போன்ல சொல்லிட்டிருந்தே. பத்து நாள்கூட ஆகாது, முன்னாடியே வந்துருவேன்னு சொன்னே… நான் காலாற நடந்துட்டு வர்றேன்னு வெளிய போனேன்.

– மறுநாள் வலி தாங்காம தலையைக் கொண்டுபோய்ச் சுவத்துல முட்டிக்கிட்டீங்க. குழி காஞ்சு போச்சு, ஏதாவது உறிஞ்சினீங்களான்னு டாக்டர் கேட்டதுக்கு இல்லவே இல்லைன்னு தலைய ஆட்டினீங்க.

– நீயும் பக்கத்துலதானே நின்னே. உனக்கு அப்பவே தெரியுமா?

– சட்டை அன்னிக்குக் காலையிலயே கையில வந்துருச்சு.

– ஏன் கேக்கல?

– நீங்களா சொல்லுவீங்கன்னு. அந்த போன்கூட உங்க காதுல விழட்டும்னுதான் சத்தமாப் பேசினேன். தவளை தன் வாயால கெடும்பாங்க. நீங்க வாயத் திறக்காமலே கெட்டீங்க.

– வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாதே.

– புண்ணு ஆறிருச்சு. இப்பதானே பார்த்தேன்.

– இது ஆறிருச்சு…

– எது ஆறல? பாப்பாவா?

– அதை எடுக்காதே.

– ரெண்டு வருஷமா எடுக்கல. பேரு வைக்கிறதுக்குள்ள போயிருச்சு, அதனால அப்படி ஒண்ணு பொறக்கவே இல்லைன்னு ஆயிடுமா? அது துணியெல்லாம் மடிச்சு எடுத்து வெச்சது நான் ஒருத்தி. நீங்க மூணாம் நாளே மைக்குக்கு முன்னாடி போய் உட்கார்ந்துட்டீங்க.

– வீட்ல இருந்தா… உன் மூஞ்சியப் பார்க்கணுமே.

– பார்த்திருக்கலாம்.

– முடியல.

– எனக்கும்தான் முடியல. முடியாத ரெண்டு பேரும் ஒரே எடத்துல உட்கார்ந்து அழுதிருக்கலாம். அடுத்த ரூம்ல நீங்க மூக்கை உறிஞ்சுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு நான் சுவத்தப் பார்த்துப் படுத்திருந்தேன்.

– உனக்குக் கேட்டுதா?

– தினமும்… ஆட்டோ வந்துருச்சு. ஹார்ன் அடிக்கிறான்.

– பெட்டியை நான் தூக்குறேன்.

– வேண்டாம். முக்கி எதையும் தூக்கக் கூடாது நீங்க. நகருங்க, நானே எடுத்துக்கிறேன். நீங்க வர வேண்டாம், நான் மட்டும் போறேன்.

– இரு…

– ம்?

– ஒரு நிமிஷம்…

– சொல்லுங்க. ஆட்டோக்காரர் நிப்பாரு. சொல்லுங்க.

– அது வந்து…

– சொல்லுங்களேன்.

– தையல்… தையலைப் பிரிக்கணும்ல? கூட யாரு வருவா? அதை முடிச்சுக் குடுத்துட்டுப் போயேன்.

– அவ்வளவுதானா?

– பின்ன… பிரிக்கணும்ல.

– அங்க தையலே இல்லீங்க. தானா கரையுற நூல்தான் போட்டிருக்கு, பிரிக்க வரவே வேண்டாம்னு டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாரு. பத்தாம் நாள் பிரிக்கணும்னு சொன்னது நான். அதுக்குள்ள ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ‘போகாதே’ன்னு சொல்லிடுவீங்கன்னு பார்த்தேன். என்னை நிறுத்த எலும்பு தெரியுற வரைக்கும் உறிஞ்சுனீங்க, அந்த ஒரு வார்த்தை வரல… கதவைச் சாத்திக்கோங்க. ரெண்டு நாளைக்குச் சூடா எதையும் குடிச்சிராதீங்க.