ஆறு நிமிடம் பிந்திய சங்கு

அசரியாவிடம் கைக்கடிகாரம் கிடையாது. எங்கள் ஊரில் பாதிப் பேரிடம் கிடையாது. மில் சங்கைக் கேட்டுத்தான் எழுவார்கள், அடுப்பு மூட்டுவார்கள். அந்தச் சங்கை ஊதுவது இரவு ஷிப்டில் இருக்கும் என் வேலை. காலை ஐந்தரைக்கு ஒருமுறை, ஆறு மணிக்கு ஒருமுறை. 1975 செப்டம்பரில் பத்து நாள் அது ஏன் பிந்தியது என்று கேட்டு மெமோ கொடுத்திருக்கிறீர்கள். இந்த எமர்ஜென்சியில் தாமதம் பெரிய குற்றம் என்று எனக்கும் தெரியும். காரணத்தைச் சொல்கிறேன்.

காரணம், ஓட்டப் பயிற்சி.

நானும் அசரியாவும் நெடுந்தூரம் ஓடுகிறவர்கள். திருப்பதியில் ஒன்றாகக் காலேஜில் சேர்ந்தோம். அவன் முடித்தான், நான் பாதியில் நின்றேன். எந்தப் பந்தயத்திலும் அவன் முதலாவது, நான் இரண்டாவது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ரயில்வேயில் ஓட்டக்காரன் ஒருவனுக்கு வேலை இருந்தது. பத்தாயிரம் மீட்டரில் முதலில் வருகிறவனுக்கு அது. ஜூலையில் நடத்துவதாகச் சொன்னார்கள். கூட்டம் கூடக் கூடாது என்று ஆகஸ்டுக்குத் தள்ளினார்கள். பிறகு தேதியே சொல்லவில்லை.

தேதி தெரியாத பந்தயத்துக்குத் தினமும் முழு மூச்சில் ஓடக் கூடாது. பந்தயம் வருவதற்குள் உடம்பு தேய்ந்துவிடும். மெல்ல ஓடித் தெம்பைச் சேர்த்துவைக்க வேண்டும். இதை அசரியாவிடம் பலமுறை சொன்னேன்.

"டேய் சின்னசாமி, நீ மெள்ளமா ஓடிக்கினு இரு. ரெண்டாவது வர்றதுக்கு அது போதும்டா" என்றான்.

வேடிக்கையாகத்தான் சொன்னான்.

அவன் அவசரத்துக்குக் காரணம் என் சங்கு. அவன் ஓடும் வழியில் ஆற்றின் மேல் ரயில் பாலம் இருக்கிறது. ஒதுங்க இடம் கிடையாது. கடக்க இரண்டு நிமிடம் ஆகும். ஐந்து முப்பத்தைந்துக்குப் பாசஞ்சர் அதில் வர வேண்டும். அதனால் அவன் ஒரு விதி வைத்திருந்தான். பாலத்தை அடையும்போது சங்கு ஊதியிருந்தால் ஏறமாட்டான், திரும்பிவிடுவான். ஊதவில்லையென்றால் ஏறுவான். அந்தப் பாசஞ்சர் என்றைக்கும் ஒரு மணி நேரம் தாமதம். ஆனாலும் மிஷன் காம்பவுண்டில் வளர்ந்தவன், விதி என்றால் விதி. அதனால் தினமும் சங்கை முந்த உயிரைக் கொடுத்து ஓடினான்.

சங்கு பிந்தினால் அவன் மெல்ல ஓடலாம். யாருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான்.

முதல் நாள் ஒரு நிமிடம் பிந்தினேன். மறுநாள் இரண்டு.

"நான் பாலத்தத் தாண்டி அந்தாண்ட போனப்புறம்தான் நீ சங்கு புடிக்கிற. என் வேகம் ஏறிக்கினே போவுதுடா" என்றான்.

வேகம்தான் ஏறிவிட்டதே, இனி எதற்கு அலைகிறாய், நிதானமாக ஓடு என்றேன். முதன்முறையாக என் பேச்சைக் கேட்டான்.

ஆறாம் நாள் ஆறு நிமிடம். அதோடு நிறுத்திக்கொண்டேன். எதிலும் அளவு வேண்டும்.

ஊரே ஆறு நிமிடம் பின்னால் போனது. சர்ச் மணியும் பள்ளிக்கூட மணியும் என் சங்கைப் பார்த்துத்தான் அடிக்கும். "ரேடியோக்காரன் தெனம் நியூஸ முன்னாடியே ஆரம்பிச்சிட்றான், இதுவும் எமர்ஜென்சிதானா இன்னா?" என்று டீக்கடைத் துலுக்காணம் என்னிடமே கேட்டார். இருக்கலாம் என்றேன்.

பத்தாம் நாள் பாசஞ்சர் சரியாக ஐந்து முப்பத்தைந்துக்கு வந்தது. அசரியா பாலத்தின் நடுவில் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தான். புத்திசாலி, குதித்துவிட்டான். எங்கள் ஆற்றில் தண்ணீர் இருப்பதில்லை. அவன் விழுந்து ஒரு நிமிடம் கழித்து நான் சங்கு ஊதினேன். வேலூரில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவன் அம்மா கிருபாபாய் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னியேன்னுதாம்பா மெள்ளமா ஓடினான். வேகமா ஓடியிருந்தா இன்னா ஆயிருக்குமோ" என்று அழுதார். பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசுவது என் வழக்கம் இல்லை.

ரயில் நேரத்துக்கு வரும் என்று யாருக்குத் தெரியும் என்று நீங்கள் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். எனக்குத் தெரியும். பதினைந்தாம் தேதி முதல் பாசஞ்சர் சரியான நேரத்தில் ஓடும் என்று ஐந்தாம் தேதியே ஸ்டேஷன் பலகையில் எழுதியிருந்தார்கள். ரயில் தாமதமாகத்தான் வரும் என்று மற்றவர்கள் அந்தப் பலகையை நம்பவில்லை; அசரியா ஸ்டேஷன் பக்கமே போவதில்லை. நான் சங்கைத் தள்ளத் தொடங்கியது ஆறாம் தேதி. உங்கள் மெமோவிலும் அப்படித்தான் இருக்கிறது. பதினாறாம் தேதி சரியாக ஐந்தரைக்கு ஊதினேன். அதற்குமேல் தேவை இருக்கவில்லை.

டிசம்பரில் திருப்பதியில் பந்தயம் நடந்தது. அசரியா கட்டை ஊன்றி வந்து, எனக்காகக் கை தட்டினான். நான் இரண்டாவது வந்தேன். முதலில் வந்தவன் நாகலாபுரம் செங்கல்வராயன். ஏதோ தாளில் ஆபீசர் கையெழுத்து இல்லை என்று முடிவை ரத்து செய்துவிட்டார்கள். மறுபடி ஓட வேண்டுமாம். தேதி சொல்லவில்லை.

செங்கல்வராயன் இப்போது நம் மில்லில்தான் பகல் ஷிப்டில் இருக்கிறான். வேலைக்கு வருமுன் அதே பாலத்தின் வழியாக ஓடுகிறான். தினமும் முழு மூச்சில் ஓடி உடம்பைக் கெடுத்துக்கொள்கிறான். பார்க்கவே பாவமாக இருக்கிறது. ஆகவே எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். இரவு ஷிப்டிலிருந்து மட்டும் மாற்றாதீர்கள்.

அவனிடமும் கைக்கடிகாரம் இல்லை.