நாற்பத்தொரு நாக்குகள்

காலை ஆறு மணிக்கு எழுவேன். பல் துலக்கி, பால் காய்ச்சி, இரண்டு கப் காபி போடுவேன். ஒன்றைக் குடிப்பேன். மற்றதை ஆறியதும் கொட்டுவேன். மனைவி இருந்தவரை அந்த இரண்டாவது கப்பில் ஒரு வாய் உறிஞ்சி, இடது கண்ணை மட்டும் மூடி, "கசக்குது" என்பாள். "உன் நாக்குலதான் கோளாறு" என்பேன். அன்றைய என் முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். மூன்று வருடம், ஒரு நாள் தவறவில்லை.

அவள் போன அன்று சொந்தக்காரர்கள், "நல்ல பொண்ணுதான், ஆனா எதுக்கெடுத்தாலும் குறை சொல்லும்" என்று பேசிக்கொண்டார்கள். அவள் சொன்னது உண்மை என்று நிரூபிப்பது என் பொறுப்பாகிவிட்டது. சிலருக்குக் கசப்பைக் கூடுதலாக உணர்த்தும் ஜீன் உண்டு. அவள் சீப்பில் முடி இருந்தது. நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் கருவி இருந்தது.

விசாரணை என்பதால் முறையையும் சொல்கிறேன், ஐயா. எளிது. முடியிலிருந்து எடுத்த ஜீனை நுண்குமிழிகளோடு கலந்து நாக்கில் ஊசியாக ஏற்ற வேண்டும். மேலே அல்ட்ராசவுண்டை வைத்தால் குமிழிகள் உடையும். பக்கத்துச் செல்களில் பொடித் துளை விழும். ஜீன் உள்ளே போனதும் துளை தானே மூடிக்கொள்ளும். எலிகள் இதுவரை புகார் சொன்னதில்லை.

முதலில் மைத்துனன். என்னைத் தேற்ற வந்தவன், திரும்பிப் போகவில்லை. கல்லைக் கொடுத்தாலும் கற்கண்டு என்பவன். அவள் கூடப்பிறந்தவன் என்பதால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும் என்று நினைத்தேன். வாய்ப்புண்ணுக்கு ஊசி என்றேன்.

"எனக்கு வாய்ப்புண்ணே இல்லையே, மாமா."

"வரப்போகுது."

நாக்கை நீட்டினான். நான்காம் நாள் காலை கப்பைக் கீழே வைத்து, "என்ன மாமா, இப்படிக் கசக்குது" என்றான். அதே இடது கண். அவள் போன எட்டு மாதத்தில் அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு வாரத்தில் விளைவு தேய்ந்துவிட்டது. "சூப்பர் காபி, மாமா" என்றான். ஊருக்கு அனுப்பிவிட்டேன்.

ஒரு நாக்கு சாட்சியாகாது. அலுவலகத்தில் நாக்குப் பரிசோதனை முகாம் வைத்தேன். இலவசம் என்றதும் நாற்பத்தொரு பேர் வரிசையில் நின்றார்கள். ஊசியில் என்ன இருக்கிறது என்று படிவத்தில் யாரும் படிக்கவில்லை. இயக்குநர் இரண்டு முறை வந்தார். அடுத்த வாரம், பதினொரு மணி இடைவேளையில், கேன்டீன் வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். கசக்குது, கசக்குது என்று நாலா பக்கமும் கேட்டது. கேன்டீன்காரர் அண்டாவை மூன்று முறை கழுவிப் பார்த்துவிட்டு அழுதார். வேலையையும் விட்டார். அவருக்காக வருந்துகிறேன்.

நீங்களும் முகாமுக்கு வந்தவர்தான், ஐயா. உங்கள் முன்னால் காபி ஆறுகிறது.

ஆக, அவள் சொன்னது உண்மை. இது குற்றம் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மருத்துவமனைக்கு ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுபோயிருந்தேன். இரண்டு ஸ்பூன் குடித்தாள். கண்ணை மூடவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு. கசக்குதுன்னு சொன்னாத்தானே நீ காலையில வாயைத் திறப்ப."