படகு தள்ள ஆளில்லாத தீவு

பாறசாலையில் பஸ் இன்னும் புறப்படவில்லை. என் முன்சீட்டில் இருந்த இளம்பெண், நூலகத்து நாவலை மடியில் மூடி வைத்துவிட்டுப் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்:

"இந்தக் கதையில வர்ற தீவில ஆம்பிளைங்க எல்லாரும் வேலைக்குக் கரைக்குப் போயாச்சு, அக்கா. படகு சும்மா கெடக்கு. தள்ள ஆளில்ல."

"எங்க வீட்டுக் கதையாக்கும் அது."

"உங்க குன்னத்துகால் ஊரில ஏது படகு?"

"தென்னை உண்டுல்லா மக்கா. நாங்க குடியிருந்த இடம் பண்ணையாரு ஜன்மிக்குச் சொந்தமா இருந்தப்போ, எங்க வீட்டுக்காரருதான் அதில ஏறித் தேங்கா பறிச்சாரு. குடியிருக்கிறவங்களுக்கே நெலமுண்ணு சட்டம் வந்து, பத்து சென்டும் மரமும் எங்களுக்குக் கெடச்சுது. இப்போ அவரு துபாயிலாக்கும்."

"அப்போ தேங்கா?"

"தொம்முண்ணு தானா விழும். அவரு மரத்திலருந்து குதிச்சிட்டாருண்ணு நெனச்சு, நான் இப்பவும் அடுக்களையிலருந்து வெளிய ஓடியிருவேன்."