பிடிக்குள்ளே இருக்கும் இரும்பு

இன்னைக்குத் திடீர்னு முளைச்ச சந்தேகம் இல்ல மினோபே சார். பல வருஷமாவே எனக்கு எங்கப்பா வாளைப் பத்தின அந்தக் கதை மேல நம்பிக்கை கிடையாது. வாளை எடுத்துட்டுப் போங்க, வேணாங்கல. நகராட்சிக் காட்சிக்கூடத்துல கண்ணாடிப் பெட்டி செஞ்சு வெச்சிருக்கீங்க, உள்ள வெச்சு விளக்குப் போடுங்க. ஆனா அந்த அட்டை கூடாது. போருக்குப் போயும் ஒரு தடவைகூட உறையை விட்டு வெளிய வராத வாள்னு எழுதிட்டு வந்திருக்கீங்களே, அது. அட்டை உண்டுன்னா வாள் கிடையாது. அவ்வளவுதான்.

ஆமா, எங்கப்பா வாயால சொன்னதுதான். எனக்கும் அவர் சொல்லித்தான் தெரியும். பட்டாளத்துக்கு அரிசி மூட்டையும் சூப்புக்குப் போடற மிசோ விழுதுப் பீப்பாயும் அளந்து குடுக்கிற அதிகாரியா சீனாவுல இருந்தாராம். இடுப்புல இந்தப் பரம்பரை வாள். அதுக்கு அங்க வேலையே வரலையாம். மலேரியா வந்து, சண்டை முடியறதுக்கு முன்னாடியே ஊருக்கு அனுப்பிட்டாங்க. நாம தோத்தப்புறம் அமெரிக்காக்காரன் வீடு வீடா வாளைப் பிடுங்கினான்ல, அப்ப பரண்ல ஒளிச்சு வெச்சார். ஊரே சொல்லுதே இந்தக் கதைய. உகாய் கடைப் பெரியவர் அரிசி அளந்த மனுஷன், ஒரு எறும்பைக்கூட மிதிச்சதில்லன்னு.

என்ன சிரிப்பு? போர்ச்சாமான் விக்கிறவன் நியாயம் பேசறானேன்னா? நல்லா சிரிங்க. துப்பிட்டுப் போனவங்களையே பாத்தாச்சு. செத்தவன் பொருளைத் தின்னு வாழற கழுகுன்னு ஒரு அம்மா கடை வாசல்ல நின்னு கத்திச்சு. போன வாரம் அதே அம்மா, அண்ணனோட தண்ணிக் குப்பி மாதிரி ஒண்ணு கிடைக்குமான்னு வந்து நிக்குது. தேடித் தந்தேன். நான் ஒளிச்சு மறைச்சு விக்கல சார். ஹெல்மெட் இருக்கு, துப்பாக்கி முனையில மாட்டுற கத்தி இருக்கு, ஊர்க்காரங்க கையெழுத்துப் போட்டு அனுப்பின கொடி இருக்கு. ஆனா எதுக்கும் கதை கட்டி விக்க மாட்டேன். எதிர்வரிசைல கடை வெச்சிருக்கானே ஹமுரா, அவன் ஹெல்மெட்டுல துளைபோடுற மிஷினால ஓட்டை போட்டு, குண்டு பாஞ்சதுன்னு விப்பான். கேட்டா, கதை இல்லாத ஹெல்மெட்டு வெறும் சட்டிதான்டா உகாய்ங்கறான். சட்டின்னே விக்கிறேன் போடான்னேன்.

இருங்க, டீ ஆறுது, குடிங்க. கோவமெல்லாம் இல்ல.

நேத்து மூங்கில் ஆணியைத் தட்டி, கைப்பிடியைக் கழட்டிக் காட்டினேன்ல. உள்ள இருந்த இரும்பைப் பாத்துட்டு, ஆஹா பளிச்சுன்னு இருக்கே, பெரியவர் எவ்வளவு அக்கறையா வெச்சிருக்கார்னீங்க. வெளியாளு யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவாங்க. எங்க தொழில்காரன் சொல்ல மாட்டான்; நான் அதைப் பல வருஷம் முன்னாடியே பாத்துட்டேன். வாள்ல அலகைத் தீட்டலாம், கிராம்பு எண்ணெய் போட்டுத் துடைக்கலாம். பிடிக்குள்ள போற இரும்பை மட்டும் தொடவே மாட்டோம். அதுல படிஞ்ச கறுப்புத் துருதான் வாளோட வயசு. அதைச் சுரண்டினா, முந்நூறு வருஷத்து வாளும் நேத்து அடிச்ச வாளும் ஒண்ணுதான். வாங்க ஆள் இருக்காது.

அப்பாவுக்குத் தெரியாமலா? நல்லா கேட்டீங்க. இந்தக் கடையிலயே பொறந்து வளர்ந்தவர் சார் அவர்! சின்ன வயசுல நான் ஒரு வாளோட பிடிக்குள்ள இருந்த இரும்பை ஈரத் துணியால துடைச்சுட்டேன்னு விட்டார் பாருங்க ஒரு அறை, காது ரெண்டு நாளைக்குக் கூவுச்சு. அந்தக் கைதான் தன் பரம்பரை வாளை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருக்கு.

பரண் ஒழுகியிருக்கும்னு நானும் எனக்கே சொல்லிப் பாத்தேன். ஒழுகினா அலகும்ல கெட்டுப்போயிருக்கணும்? அதுல ஒரு புள்ளி கிடையாது. சரி, விலை ஏத்த வேற கொல்லன் பேரை வெட்ட நெனச்சாரோன்னு பாத்தா, வாள் செஞ்சவன் வெட்டின பேரு அப்படியே இருக்கு. அந்த எழுத்துப் பள்ளத்துக்குள்ள ஊசி விட்டுத் துழாவின கீறல்கூடத் தெரியுது.

படுத்தா இதே நெனப்பு. பெத்த அப்பனையே சந்தேகப்படறியே, நீயெல்லாம் ஒரு புள்ளையான்னு என்னை நானே திட்டிக்குவேன். அரிசி அளந்தவராவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டிருவேன். அப்புறம் ஏதாவது ஒரு பட்டாளத்து வாள் விலைக்கு வரும். பிடியைக் கழட்டுவேன். எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்சது இது சார், யாரும் வாய்விட்டுப் பேச மாட்டோம். வெட்டினவன் அலகைத்தான் துடைப்பான். பிடிக்குள்ள வழிஞ்சு இறங்கினது அங்கயே உறைஞ்சு கிடக்கும். பிடி மேல ஒட்டின திருக்கை மீன் தோலுக்கு அடியில, அந்த இரும்பு மேல.

இல்ல, இல்ல, நிரூபிக்க முடியாது. நீங்க சொல்றது வாஸ்தவம். நானும் வெட்டினார்னு அட்டை எழுதச் சொல்லலையே? ஒண்ணும் எழுதாதீங்கன்னுதானே சொல்றேன். வெட்டினவன் வெட்டுப்பட்டவன் ரெண்டு பேர்ல, ஒருத்தன் சொன்னதை மட்டும் விளக்குப் போட்டு மாட்டாதீங்க. பள்ளிக்கூடப் பசங்க வரிசையா வந்து படிக்கப் போற அட்டை அது. ஊரு கோச்சுக்கட்டும். கடைக்கு யாரும் வர வேணாம். மேயரே வந்து நின்னாலும் இதே பதில்தான்.

போட்டோ எடுக்கிற தம்பியைத் திரும்பிப் போகச் சொல்லிருங்க சார். அப்பா கீழ இறங்க மாட்டார். உடம்புக்கு ஒண்ணுமில்ல, எண்பதுலயும் கல்லு மாதிரி இருக்கார். நீங்க எல்லாம் வரப்போறீங்கன்னு காலையிலயே நல்ல கிமோனோ எடுத்து உடுத்திக்கிட்டு, சூப்புக் கிண்ணத்தோட உக்காந்திருந்தார். இத்தனை வருஷமா கேக்காததை அப்பத்தான் கேட்டேன். கிண்ணத்தைக் கீழ வெச்சார். எந்திரிச்சு மாடிக்குப் போனவர்தான், கதவைச் சாத்திக்கிட்டார்.

சத்தமெல்லாம் போடல சார். பக்கத்துல உக்காந்து மெதுவாத்தான் கேட்டேன். ஏம்ப்பா, உறையை விட்டே வராத வாளோட பிடிக்குள்ள, தேய்ச்சுக் கழுவற மாதிரி என்ன போச்சுன்னு.