திசை தவறிய செல்களும் லிபியின் பாலும்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஐயா தாணுமாலயன் அவர்களே, மழையைப் பொருட்படுத்தாமல் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, அடுப்பைப் பாதியில் அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாய் வளர்ந்து நிற்கும் இளையோரே, உங்கள் அனைவருக்கும் அனந்தலக்ஷ்மியின் பணிவான வணக்கம்.

நான் நோய்க்கூறு மருத்துவர். உடலில் கிள்ளியெடுத்த துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்து, இன்ன நோய் என்று எழுதித் தருபவள். இருபத்திரண்டு ஆண்டுகளாக எழுதுகிறேன். அதில் ஒரு வரி ஒரு தாயைச் சுட்டுவிட்டது. அந்த அதிர்ச்சி இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

போனக்காடு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், லிபி என்றொரு பெண். கணவன் பினு, அவளுடைய சொந்த அத்தை மகன். அத்தை எலிசாளே மாமியார். அவர்களுக்கு மகள் பிறந்தாள். அஸ்வதி என்று பெயரிட்டார்கள். மூன்றாம் நாள் குழந்தையின் துணி நனைந்தது. மாற்றினார்கள், நனைந்தது. மாற்ற மாற்ற நனைந்தது. மூத்திரம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். மூத்திரமல்ல, தாய்மார்களே, நீராய்ப் போன வயிற்றுப்போக்கு. இங்கே நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். வாய்வழி ஒரு சொட்டும் கொடுக்காமல் பார்த்தோம். அப்போதும் நிற்கவில்லை. உண்ணாத பிள்ளையின் உடலிலிருந்து இவ்வளவு நீர் எப்படி வருகிறது?

குடலின் துணுக்கு என் மேசைக்கு வந்தது. திசு தேய்ந்திருந்தது. 'கிருமித் தொற்றாக இருக்கலாம்' என்று எழுதினேன். எழுதியதோடு விட்டேனா? வார்டுக்கே போய், "தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிச்சியாம்மா?" என்று கேட்டேன்.

"பச்ச வெள்ளம் தொட்டதில்ல டாக்டரே. சத்தியமாட்டு சொல்லுதேன்" என்றாள் லிபி.

பக்கத்தில் நின்ற எலிசாள், "கள்ளம் பறயாத. உனக்க பாலுதான் பிள்ளைக்கு ஆகல்ல" என்றார்.

நான் மறுக்கவில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்தேன். பிள்ளை மீண்டும் குடிக்கும் நாளுக்கென்று பிழிந்து சேர்த்துவந்த பாலை, அன்று முதல் லிபி கழுவுதொட்டியில் ஊற்றினாள் என்று நர்ஸ் பிறகு சொன்னார்.

பத்து நாள் கழித்துக் குழந்தை மருத்துவர் ஸ்ரீகண்டன் வந்தார். "மேடம், கல்ச்சர்ல ஒரு கிருமியும் வளரல்ல. மருந்தும் கேக்கல்ல. ஒருக்காக்கூடி பாக்கணும்." மிச்சமிருந்த துணுக்கை எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அனுப்பினேன்.

குடலின் உட்சுவரில் செல்கள் ஒரே வரிசையாய் நெருங்கி நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உணவைப் பார்க்கும் மேல்முகம் உண்டு. இரத்தத்தைப் பார்க்கும் கீழ்முகம் உண்டு. அது எப்படி அமைகிறது? பக்கத்துச் செல்லைத் தொட்டு, அடியிலுள்ள படலத்தில் பதிந்த பிறகு, செல் தன் மேலையும் கீழையும் வகுத்துக்கொள்கிறது. சில புரதங்கள் மேலே கூடுகின்றன, சில கீழே. ஒரு கூட்டம் மற்றதைத் தன் எல்லைக்குள் விடாது. நடுவே செல்லோடு செல் இறுகப் பூட்டிக்கொள்கிறது. பின்னர் மேலுக்கு உரியதை மேலும், கீழுக்கு உரியதைக் கீழும் சுமந்து சேர்க்க வேறு புரதங்கள். மேல்முகத்தில் மட்டும், உணவை உறிஞ்ச, நுண்விரல்கள் ஆயிரமாயிரம் முளைக்கின்றன. 'யார் சொல்லிக் கொடுத்தது' என்கிறார் பின்வரிசையில் ஒருவர். யாரும் இல்லை ஐயா. நானும் வியந்திருக்கிறேன்.

படம் வந்தது. நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன். மேல்முகம் ஏறக்குறைய மொட்டை. விரல்கள் எங்கே? செல்லுக்குள்ளே, ஒரு குமிழுக்குள் அடைபட்டு, உள்நோக்கி முளைத்திருந்தன. உணவைத் தொடவே முடியாத இடத்தில். சுமந்து சேர்க்க வேண்டிய புரதம் பழுது. தாய்வழி ஒரு பிழை, தந்தைவழி அதே பிழை. இரண்டும் ஒரு பிள்ளையில் கூடிவிட்டன. தண்ணீர் காரணமல்ல. பால் காரணமல்ல. நான் எழுதியது தவறு.

மாடியேறிப் போய் லிபியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "இத அத்தைக்க முன்ன வெச்சு ஒருக்கா சொல்லுவீங்களா டாக்டரே?" என்றாள்.

எலிசாளை அழைத்தேன். "உங்க குடும்பத்து ரத்தத்துலயே இருக்கும்மா. உங்க வழியா பினுவுக்கு, உங்க அண்ணன் வழியா லிபிக்கு வந்திருக்கணும். யார் குத்தமும் இல்ல."

"அப்போ எனக்கிட்டயும் இருக்கு" என்று மெல்லச் சொல்லித் தரையில் அமர்ந்தார் எலிசாள். பிறகு லிபியை அருகில் இருத்தி, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விடவில்லை.

இரத்தக்குழாய் வழியே ஊட்டி ஏழு மாதம் அஸ்வதியைக் காத்தோம். அதற்கு மேல் முடியவில்லை.

இந்த மேடைக்கு வருமுன் லிபியிடம் அனுமதி கேட்டேன். "பேரச் சொல்லியே சொல்லுங்க. இன்னொருத்திக்கு இது வரப்பிடாது" என்றாள்.

ஆகவே கேட்கிறேன். காரணம் தெரியாதபோது நம் கண் ஏன் தாயின் மேல் போகிறது? படித்த என் கண் ஏன் போனது? 'தெரியவில்லை' என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு நொடி. அந்த ஒரு நொடியை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. நீங்கள் கொடுங்கள்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், பேச அழைத்த மன்றத்துக்கும் நன்றி கூறி, போனக்காட்டில் இருக்கும் லிபியையும் வணங்கி விடைபெறுகிறேன். வணக்கம்.