எல்லும் டபுள் எக்ஸெல்லும்

இராஜாக்கமங்கலத்திலிருந்து வடசேரி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் மடியில் இரண்டு சுடிதாரும் ஒரு அளவு டேப்பும் வைத்திருந்த பெண், பக்கத்தில் இருந்த தோழியிடம் வெடித்தாள்.

“எனக்க மவ மூணு நாளா சோறு திங்க மாட்டேங்கா, கேட்டியா?”

“என்னட்டி ஆச்சு?”

“போன மாசம் வேற கடையில எடுத்த எல் சைஸ் சரியா இருந்துது. இப்பம் நான் போற கடையில டபுள் எக்ஸெல் எடுத்தும் இறுக்குது. ‘பாப்பா குண்டாயிட்டு’ன்னு சேல்ஸ்காரி சிரிச்சா. வீட்டுல அளந்து பாத்தா, எல்லுதான் ரெண்டு இஞ்சு பெருசு!”

“அப்போ பிள்ளை தடிக்கல்ல?”

“தடிச்சாத்தான் என்ன? அவ எப்படிச் சிரிக்கலாம்? ரெண்டையும் மேசையில விரிச்சு, எல்லாரும் பாக்க அவளையே அளக்கச் சொல்லுவேன்.”

கடை இருந்த நிறுத்தத்தில் அவள் இறங்கினாள். வடசேரிக்கு டிக்கெட் எடுத்திருந்த தோழியும், “நில்லு மக்கா, நானும் வாறேன்” என்று பின்னாலேயே இறங்கினாள்.